மறு: தையல் இயந்திரத்தில் 'டென்ஷன்': இழுவிசையா, இறுக்கமா, பிடியா?

அனைவருக்கும் வணக்கம்.

தையல் கையேட்டுக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், தைக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக வருகிறது என்பதைச் சொல்லும் டென்ஷனுக்கு 'இழுவிசை' என்று முடிவு செய்து பட்டியலை மூடிவிடலாம் என்று அண்ணன் நேற்று எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் அண்ணா. இழுவிசை தவறான சொல் இல்லை. பள்ளியில் பரப்பு இழுவிசை படித்த எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் நாம் பெயர் வைக்கப்போவது எதற்கு? நூலுக்குள் உண்டாகும் விசைக்கா, தைப்பவர் கையால் கூட்டிக் குறைக்கும் அந்த அமைப்புக்கா? இதைத் தீர்க்காமல் எந்தச் சொல்லை வைத்தாலும் கையேட்டைப் படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

வீட்டில் மிதிக்கும் கறுப்பு இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிறு வட்டத் தட்டுகள் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும். அவற்றுக்கு முன்னால் கூம்பு மாதிரி ஒரு சுருள்வில், அதற்கும் முன்னால் விரலால் திருகும் மரை. மேல்நூல் அந்தத் தட்டுகளுக்கு நடுவில் நுழைந்துதான் ஊசிக்குப் போக வேண்டும். மரையைத் திருகினால் வில் தட்டுகளை நெருக்கும், நூல் உரசிக்கொண்டு வரும். அவ்வளவுதான். தட்டு நூலை இழுப்பதே இல்லை. இழுப்பது மேலும் கீழும் ஆடும் நூல்தூக்கியும் கீழே சுழலும் கொக்கியும். தட்டு செய்வது பிடித்து வைப்பது. அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸின் பக்கத்தில் இருக்கும் மெல்லிய தகடும் அதே வேலையைத்தான் அடிநூலுக்குச் செய்கிறது.

அதனால் என் முன்மொழிவு: நூல்பிடி. மேலே இருப்பது மேல்நூல் பிடி, கீழே இருப்பது அடிநூல் பிடி. இழுவிசை என்ற சொல்லை அளக்கக்கூடிய விசைக்கு வைத்துக்கொள்வோம். நூலின் இழுவிசையைக் கிராம் கணக்கில் காட்டும் கருவிகள் இருக்கின்றன, அங்கே அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, கோளாறு பார்ப்பதிலேயே இதன் பயன் தெரியும். தையல் படிக்க வருபவர்கள் அடிக்கடி கொண்டுவரும் புகார் ஒன்றுதான்: துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. கோளாறு அடியில் தெரிவதால் எல்லாரும் பாபின் கேஸைக் கழற்றி அந்தச் சின்னத் திருகில் கை வைப்பார்கள். தப்பு அங்கே இல்லை. அடியில் தொங்குவது மேல்நூல். மேலே பிடி இல்லாததால் அது அளவுக்கு மீறிக் கீழே இறங்குகிறது. பெரும்பாலும், துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரத்தின் பாதத்தை இறக்கிவிட்டு நூல் கோத்திருப்பார்கள். பாதம் தூக்கியிருக்கும்போதுதான் தட்டுகள் விலகி நிற்கும், நூல் உள்ளே போய் உட்காரும். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடியே இருக்கும், நூல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். நூல் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, ஊசியில் கோப்பதற்கு முன் பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் தட்டு பிடிக்கவில்லை.

இதையே 'மேல்நூலின் இழுவிசை போதவில்லை' என்று எழுதினால் படிப்பவர் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். 'மேலே பிடி இல்லை' என்றால் கை நேராகத் தட்டுக்குப் போகும்.

இனி மற்றச் சொற்கள். 'நூல் பதற்றம்' என்று ஓர் இயந்திர மொழிபெயர்ப்பில் வந்ததை ஒருவர் ஒட்டியிருந்தார். சிரித்துவிட்டுக் கடந்துபோக வேண்டியது. நூலுக்கு என்ன, நாளைக்குப் பரீட்சையா?

'இறுக்கம்' சொன்ன அக்காவின் கருத்து அப்படி ஒதுக்கக்கூடியது இல்லை. டைட், லூஸ் என்றுதான் கடையில் பேசுகிறோம், அதற்கு நேரான தமிழ் இறுக்கம், தளர்வு என்கிறார். உண்மைதான். சிக்கல் என்னவென்றால், இறுக்கம் ஒரு முனையை மட்டும் சொல்கிறது. 'இறுக்கம் தளர்ந்துவிட்டது' என்று எழுதும்போது நமக்கே ஒரு மாதிரி இருக்கும். அதோடு, தையல் கடையில் இறுக்கம் என்றால் ஜாக்கெட் கை இறுக்கமாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைப்பார்கள். பிடி அப்படி இல்லை. பிடி இறுகும், பிடி தளரும், பிடி விட்டும் போகும்.

பிடிக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. 'இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைங்க' என்பது அன்றாடம் காதில் விழுவது, அங்கே பிடிப்பது துணியை. கொத்தனார் நூல் பிடித்துப் பார்ப்பதும் இருக்கிறது. நூல் பிடித்தாற்போல என்றால் நேர்கோடு என்று பொருள். ஆனால் அவையெல்லாம் வினையாக வருபவை. 'நூல்பிடியைத் தளர்த்து' என்று பெயராக வரும்போது யாரும் குழம்பமாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடிநூல் பிடியைச் சுருக்கி 'அடிப்பிடி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சோறு தீய்ந்த வாசனை வரும்.

'நூற்பிடி' என்று புணர்த்தி எழுத வேண்டும் என்று இலக்கணக்காரர்கள் வருவார்கள், தெரியும். நூற்பாவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நூல்கண்டை யாரும் நூற்கண்டு என்று கேட்டு வாங்குவதில்லை. தட்டுக்குப் பெயர் 'பிடிதட்டு', வினைத்தொகை, வல்லினம் மிகாது. மரைக்குப் 'பிடிதிருகி'.

பாபினுக்குத் 'தார்', ஷட்டிலுக்கு 'நாடா' என்று ஒருவர் நெசவுச் சொற்களைக் கொண்டுவந்தது அழகான யோசனை. தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோவது நாடா. வரலாற்றிலும் நியாயம் இருக்கிறது. 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய இயந்திரத்தில் இரண்டாவது நூலைக் கொண்டுபோனது ஒரு நாடாதான், தறியிலிருந்து வந்த பெயர்தான் ஷட்டில். ஆனால் தையல்காரரிடம் போய் 'நாடாவை மாற்று' என்றால் பாவாடையைத்தான் கையில் எடுப்பார். தார் அவ்வளவு மோசமில்லை. ஊடை நூலைத் தாரில் சுற்றுவதும் பாபினில் அடிநூலைச் சுற்றுவதும் ஒரே வேலை. என்றாலும் பாபின் எல்லார் வாயிலும் புழங்கும் சொல். அது தமிழாகி எவ்வளவோ காலமாயிற்று, விட்டுவிடலாம் என்பேன். திருப்பூரில் ஃபிளாட்லாக் என்ற தையல் இயந்திரத்தின் பெயர் 'பேட்லாக்' ஆகி ஊரே அதைச் சொல்லிச் சம்பாதிக்கிறது. எல்லாவற்றுக்கும் சொல் ஆக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

துணிக்கு அடியில் நூல் பந்தாகத் திரண்டு துணியையே உள்ளே இழுத்துக்கொள்வதற்குக் 'குருவிக்கூடு' என்று ஒருவர், 'தூக்கணாங்கூடு' என்று இன்னொருவர். ஆங்கிலத்தில் பறவைக்கூடு என்கிறார்கள் என்பதற்காக நாமும் ஏன் கூடு கட்ட வேண்டும்? சிக்கு என்று நம்மிடம் சொல் இருக்கிறது. 'அடிச்சிக்கு' போதும். ஊசி சில இடங்களில் தையல் போடாமல் தாண்டுவதற்குத் 'தையல் விடுதல்', இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்கக் கையேட்டின் ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"தையலில் இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும். மேலும் கீழும் கயிறு இழுக்கும் போட்டிதான் இது, இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் முடிச்சு நடுவில் நிற்கும். முடிச்சு மேலே தெரிந்தால் மேல்நூல் பிடி அதிகம், அல்லது அடிநூல் பிடி குறைவு. அடியில் தெரிந்தால் இதற்கு நேர்மாறு. முதலில் நூலைக் கழற்றி, பாதத்தைத் தூக்கிவைத்து மறுபடி கோத்துக்கொள்ளுங்கள். நூல்தூக்கியின் துளையில் நூல் இருக்கிறதா பாருங்கள், அது விட்டுப்போனால் உடனே அடிச்சிக்கு விழும். பிறகு ஊசியை மாற்றுங்கள். சாதாரணப் பருத்திக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. ஊசியில் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்தே நூல் கோக்க வேண்டும். பிடிதட்டுகளுக்கு நடுவிலும் பாபின் கேஸ் தகட்டுக்கு அடியிலும் பஞ்சு சேர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள், ஒரு துணுக்குப் பஞ்சு தகட்டைத் தூக்கி நிறுத்தினால் பிடியே போய்விடும். இவ்வளவும் செய்த பிறகுதான் பிடிதிருகியில் கை வைக்க வேண்டும். அடிநூல் பிடியைக் கடைசியாகத் தொடுங்கள், அதுவும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பாபின் கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக ஓடி இறங்கினால் பிடி தளர்வு. ஒரு சிறு உதறலுக்குக் கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. உதறியும் அசையாவிட்டால் பிடி அதிகம்."

புதிய வகை இயந்திரங்களில் மரைக்குப் பதில் 0 முதல் 9 வரை எண் போட்ட வட்டு இருக்கும். அதையும் பிடிதிருகி என்றே சொல்லலாம். '4இல் வை' என்று எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. தடித்த நூல் போட்டால் எண் மாறாமலே பிடி மாறும் என்பதையும் ஓரிடத்தில் சொல்லிவிட வேண்டும். எண்ணைத் தொடவே இல்லையே, எப்படிக் கெட்டது என்று கேட்பவர்கள் அதிகம்.

இன்னும் சொல் கிடைக்காதது ஒன்று: செக் ஸ்பிரிங். பிடிதட்டை ஒட்டி ஒரு கம்பி வில் துள்ளிக்கொண்டே இருக்குமே, அதுதான். நூல்தூக்கி கீழே வரும்போது நூல் தொய்ந்துபோய் ஊசி அதன் மேலேயே குத்திவிடாமல், ஊசி துணியைத் தொடும்வரை நூலை விறைப்பாக வைத்திருப்பது அதன் வேலை. அது வளைந்தாலோ முறிந்தாலோ பிடி எல்லாம் சரியாக இருந்தும் தையல் கெடும். 'தடுப்புவில்' என்பது அண்ணனின் பரிந்துரை, ஆனால் அது எதையும் தடுப்பதில்லை. 'தொய்வுவில்' என்று ஒன்று தோன்றுகிறது, அதுவும் தொய்வைத் தருகிற வில் மாதிரி ஒலிக்கிறது. திருத்துக் கடைகளில் இதை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று அக்கா விசாரித்து எழுத முடியுமா?