பிறவிக் கழுத்துச் சாய்வு: அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எதைக் காட்டும்?

கேள்வி:
வணக்கம். ஒரு மாதமே ஆன என் மகளின் தலை எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தும், முகவாய் இடப்பக்கம் திரும்பியும் இருக்கிறது. கழுத்தின் வலப்பக்கத்தில் கெட்டியான கட்டியொன்றும் கைக்குத் தட்டுப்படுகிறது. மருத்துவர் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். மயக்க மருந்து தேவைப்படுமா?

மறுமொழி (ஸ்கேன் மருத்துவர்):
மயக்க மருந்தும் வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை. குழந்தை பால் குடித்து அமைதியாக இருக்கும்போது, தோள்களுக்கு அடியில் மடித்த துணியை வைத்து, கழுத்தின் இரு பக்கத்திலும் உள்ள, தலையைத் திருப்ப உதவும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் தசைகளையும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒப்பிட்டுப் பார்ப்போம். தடிப்பு தசைக்குள்ளேயே நடுவில் பருத்து, முனைகளில் குறுகி, தலையைத் திருப்பும்போது தசையுடனேயே நகர்ந்தால், அது பெரும்பாலும் தீங்கற்ற நார்த்திசுத் தடிப்பே. நிணநீர்க் கணுவோ நீர்க்கட்டியோ என்றால் பொதுவாகத் தசையிலிருந்து விலகித் தெரியும். படம் இவ்வளவு தெளிவாக இருந்தால் ஊசிப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் அவசியமிருக்காது.

மறுமொழி (பிசியோதெரபிஸ்ட்):
படத்தில் தடிப்பு எவ்வளவு என்பதைவிட, கழுத்து இரு பக்கமும் எவ்வளவு திரும்புகிறது என்பதையே நான் முதலில் அளப்பேன். முதல் சில மாதங்களுக்குள் நீட்சிப் பயிற்சி தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையின்றியே தேறிவிடுகிறார்கள். இக்குழந்தைகளிடம் இடுப்பு மூட்டுக் கோளாறும் சற்று அதிகம் காணப்படுவதால், இடுப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஒருவேளை ஸ்கேனில் தசை இயல்பாக இருந்தால்?

மறுமொழி (ஸ்கேன் மருத்துவர்):
அப்போது சாய்வுக்கு வேறு காரணம் உண்டா என்று அறிய, கண் தசைகளையும் கழுத்து எலும்புகளையும் நரம்பு மண்டலத்தையும் தனியே ஆராய வேண்டியிருக்கும்.