கலைச்சொல் விவாதம்: கயிறாய் உறையும் குழம்பும் கரடாய் உறையும் குழம்பும்

மடல் 1: சென் அந்திரே (ரெயூனியன்), தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ரெயூனியன் தீவின் எரிமலையான பித்தோன் த லா ஃபூர்னேஸ் பற்றித் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தாள் தயாராகிறது. எரிமலை வாய், பாறைக்குழம்பு, கேடய எரிமலை முதலியவற்றைப் பாடநூல்களிலிருந்து எடுத்தாயிற்று. ஓரிடத்தில் மட்டும் வழி அடைபட்டது. கிரான் புரூலே பக்கம் சாலையில் போகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது, உறைந்த குழம்பு இரண்டு தரைகளாகக் கிடப்பதுதான். ஒன்று வழவழப்பாக, திரித்த கயிறு போலச் சுருண்டு கிடக்கும். மற்றது உழுத வயலில் கண்ணாடியைக் கொட்டியது போல, மிதித்தால் செருப்பைக் கிழிக்கும்.

அறிவியலில் இவற்றுக்கு ஹவாய் மொழிப் பெயர்கள்: பாஹோயிஹோயி, ஆஆ. இங்கே பிரெஞ்சில் முதலாவதைக் கயிற்றுக் குழம்பு என்றும், இரண்டாவதைக் கிராத்தோன் என்றும் சொல்கிறார்கள். தமிழில் "எரிமலைக் குழம்பு" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிட்டோம். ஒரு சோடிச் சொல் வேண்டும்.


மடல் 2: போர்ட் லூயி (மொரீசியசு), மொழிபெயர்ப்பாளர்

டீச்சர், ஹவாய்ச் சொற்களையே வைத்துக்கொள்ளலாமே? 1880களில் டட்டன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் எழுதியதிலிருந்து உலகம் முழுக்க அவைதான் புழங்குகின்றன. சப்பானியரும் இத்தாலியரும் எடுத்துக்கொண்டதை நாமும் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

தமிழாக்கியே ஆகவேண்டும் என்றால் "வடக்குழம்பு". வடம் என்றால் தேர்வடம், எல்லோருக்கும் தெரிந்த சொல்.


மடல் 3: சென் அந்திரே

> ஹவாய்ச் சொற்களையே வைத்துக்கொள்ளலாமே?

எழுத்து இடம் கொடுக்கவில்லை, ஐயா. ஹவாய் உச்சரிப்பில் ஆஆ என்பதில் தொண்டையை அடைத்துத் திறக்கும் ஒலி இரண்டு முறை வருகிறது. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. "அஆ" என்று எழுதினால் அரிச்சுவடி. "ஆஆ" என்று எழுதினால் கொட்டாவி. தாளைப் பார்த்த பிள்ளை அச்சுப்பிழை என்றே நினைக்கும்.

"வடக்குழம்பு" என்பதைப் பத்து வயதுப் பிள்ளை "வடக்கு" என்று வாசித்துவிட்டுத்தான் மீதிக்குப் போகும். இங்குள்ள பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசி, வகுப்பில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள். சொல்லின் முதல் நான்கு எழுத்து ஏமாற்றக் கூடாது.


மடல் 4: சென் பியேர், புவியியல் துறை

பெயர் வைப்பதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். இரண்டு வகைக்கும் வேதிக் கூறு ஒன்றே. ஒரே பிளவிலிருந்து, ஒரே நாளில், ஏறத்தாழ 1,150 பாகை வெப்பத்தில் வெளிவரும் எரிமலைப் பாறைக் குழம்பு, மேலே பாஹோயிஹோயியாகவும் கீழே ஆஆவாகவும் கிடப்பதைப் பித்தோன் த லா ஃபூர்னேஸின் சரிவுகளில் பார்க்கலாம். ஆகவே "கருங்குழம்பு, செங்குழம்பு" மாதிரி இரண்டு பொருளுக்கு வைப்பது போலப் பெயர் வைத்தால் தவறு. ஒரே பொருளின் இரண்டு நடத்தை இவை.

குழம்பு காற்றுப் பட்டதும் மேலே தோல் கட்டுகிறது. காய்ச்சிய பாலில் ஏடு படிவது போலத்தான். அந்தத் தோல் இழுபடும் பதத்தில் இருக்கும்போது அடியில் குழம்பு மெதுவாக நகர்ந்தால், தோல் மடிந்து சுருக்கம் விழும். அந்தச் சுருக்கங்களே கயிறு. குழம்பு வேகமாக இழுத்தாலோ, ஆறிப் படிகம் பிடித்துக் கெட்டியாகியிருந்தாலோ, தோல் இழுபட முடியாமல் கிழியும். கிழிந்த இடத்தில் மறுபடி தோல் கட்டும், மறுபடி கிழியும். கிழிந்த துண்டுகள் முள்ளும் முனையுமாக மேலே மிதந்து வந்து, ஓட்டத்தின் முகப்பில் உருண்டு விழும். பின்னால் வரும் குழம்பு அவற்றின் மேலேயே ஏறிப்போகும், புல்டோசரின் சங்கிலிப் பட்டை போல. அதனால்தான் ஆஆ ஓட்டத்தை வெட்டிப் பார்த்தால் மேலே சல்லி, நடுவில் கெட்டிப் பாறை, அடியில் மறுபடி சல்லி.

எது எதுவாகும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: குழம்பின் கெட்டித்தன்மை, அது இழுபடும் வேகம். ஹவாயில் கண்ட கணக்கு: பிளவிலிருந்து நொடிக்கு 5 முதல் 10 கன மீட்டருக்கு மேல் கொட்டினால் பெரும்பாலும் ஆஆ, அதற்குக் கீழே பாஹோயிஹோயி. சரிவும் சேர்ந்துகொள்ளும். இங்கே எரிமலையைச் சூழ்ந்த அடைப்புப் பள்ளத்தின் தளத்தில் வழவழப்பாக வந்த ஓட்டம், கடலை நோக்கிய செங்குத்துச் சரிவில் இறங்கியதும் கரடாவது வழக்கம்.

பாஹோயிஹோயி ஆஆ ஆகும். ஆஆ திரும்பிப் பாஹோயிஹோயி ஆகாது. (நின்றுபோன ஆஆவின் வயிற்றிலிருந்து புதிதாகக் கசிவது வழவழப்பாக உறையலாம். அது வேறு கதை.)

இதனால் "கயிறு", "வடம்" இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. பாஹோயிஹோயி முழுக்கக் கயிறு அல்ல. பலகை போலத் தட்டையாக, தலையணை போல உப்பி, குடல் சரிந்தது போல என்று பல உருவம் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவானது கிழியாத அந்தத் தோல் ஒன்றே.


மடல் 5: சென் தெனி, நெசவூர்க்காரர்

"சிட்டம்" என்று ஒரு சொல் இருக்கிறதே! இரும்பு உருக்கும் உலையில் ஒதுங்கும் கழிவு, சூளையில் வெந்து உருகி ஒட்டிய கட்டி. ஆஆவின் சல்லியைக் கையில் எடுத்தால் அச்சு அசல் அதேதான்: துளை துளையாக, முனை முனையாக. மலையின் பெயரே ஃபூர்னேஸ், அதாவது உலை. உலையில் வருவது சிட்டம்.

ஆனால் நானே என் சொல்லை வெட்டவும் வேண்டியிருக்கிறது. தறிக்காரனுக்குச் சிட்டம் என்றால் நூல் சிட்டம், திரித்துச் சுற்றிய நூற்கற்றை. அது கயிற்றுக் குழம்பின் உருவம்! கரடுக்கு வைத்த பெயரைக் கேட்டு ஒருவன் கயிற்றை நினைத்தால், சோடியின் இரண்டு காலும் இடம் மாறிவிடும். உலைக் கழிவுக்கே உரிய "கிட்டம்" என்ற பழைய சொல்லை எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை.


மடல் 6: சென் அந்திரே

கிட்டம் அழகாக இருக்கிறது. ஆனால் "கிட்டப்பாறை", "கிட்ட ஓட்டம்" என்று கூட்டுச்சொல் ஆக்கியதும் பக்கத்தில் இருக்கிற பாறை ஆகிவிடுகிறதே. கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்று படித்த பிள்ளை, அடுத்து "தூரப்பாறை எங்கே டீச்சர்?" என்று கேட்கும்.

இங்கே புழங்கும் கிராத்தோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்றித் தோலை மொறுமொறுவென வறுக்கும் தின்பண்டத்தின் பெயர் அது. கல்லைப் பார்த்தவர்கள் வாணலியை நினைத்துவிட்டார்கள். உவமை பிரமாதம். தீமிதி விரதத்தில் இருக்கும் வீட்டுக்குள் அந்தச் சொல்லோடு போகும் தாளை நான் தயாரிக்கத் தயாரில்லை.


மடல் 7: சென் பியேர்

நெசவூர் ஐயாவின் கிட்டத்தைக் கைவிட வேண்டாம். அதன் இடம் வேறு. ஓட்டம் என்பது ஒன்று, அதன் மேலும் அடியிலும் கிடக்கும் உதிரிச் சல்லி என்பது வேறு. உதிரிச் சல்லிக்குத் தனியே ஒரு பெயர் தேவைப்படுகிறது. அதற்குக் "கிட்டம்" கச்சிதம். தனிச்சொல்லாக நின்றால் "கிட்ட" என்ற மயக்கமும் வராது.

ஓட்டங்களுக்கு என் முன்மொழிவு:

ஏட்டோட்டம் (ஏடு + ஓட்டம்)
கரட்டோட்டம் (கரடு + ஓட்டம்)

பால் ஏடு எல்லா வீட்டு அடுப்பிலும் இருக்கிறது. "ஏடு தாங்கினால் ஏட்டோட்டம், ஏடு கிழிந்தால் கரட்டோட்டம்" என்று ஒரே வரியில் இயக்கத்தையும் சொல்லிவிடலாம். கரடு என்றால் கொங்கு நாட்டில் பாறைக் குன்று, பொதுவழக்கில் கரடுமுரடு.

ஏடு என்ற சொல்லின் பயன் இங்கேதான் தெரியும். ஹவாயின் கிலவேயாவில் அளந்தபடி, ஏடு 10 செ.மீ. தடிக்க ஏறத்தாழ 100 நிமிடம் ஆகிறது. 1 மீட்டர் தடிக்க ஏழு நாள். தடிமன் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. காரணம், தடித்த ஏடே கீழுள்ள சூட்டுக்குப் போர்வை. அந்தப் போர்வைக்கு அடியில் குழம்பு தொடர்ந்து நுழைவதால், முதலில் 20, 30 செ.மீ. உயரத்தில் பரவிய நாக்கு சில நாளில் பல மீட்டர் உயரத்துக்கு உப்பிவிடும், பூரி போல. இதற்கு "ஏடு உப்பல்" என்றே பெயர் வைக்கலாம். போர்வையை விட்டுவிட்டுக் குழம்பு வடிந்துபோனால் மிஞ்சுவது குகை. இங்கே 2004 ஓட்டத்தில் அப்படி உண்டான குகைகளுக்குள் இன்று வழிகாட்டிகள் ஆட்களை அழைத்துப் போகிறார்கள்.

கயிற்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஏட்டோட்டத்தின் ஓர் உருவமாகக் "கயிற்றேடு" என்று வைத்துக்கொள்ளலாம்.


மடல் 8: போர்ட் லூயி

வடத்தை விட்டுக்கொடுக்கிறேன். ஏடு என்றால் ஓலை ஏடும் ஆயிற்றே என்று ஒரு முனகல் மட்டும். பிறகு யோசித்தால் அதுவும் பழுதில்லை, ஓலையும் சுருளும்.

மொரீசியசுக்கும் இந்தச் சோடி தேவைதான். இங்கே எரிமலை அடங்கிவிட்டது, கல் அடங்கவில்லை. கரும்பு நடுவதற்கு முன் வயலிலிருந்து பொறுக்கிக் குவித்த கற்குவியல்கள் தீவு முழுக்க நிற்கின்றன. உங்கள் எரிமலைக்குச் சூடு தரும் வெப்பப்புள்ளிதான் (ஆழத்திலிருந்து சூடு எழும் இடம்) ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் குழம்பைக் கொட்டியது. அதன் மேலுள்ள புவித்தட்டு வடக்கே நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோசு வழியே தடம் பதித்து, மொரீசியசைக் கட்டி, இப்போது உங்கள் தீவுக்கு அடியில் நிற்கிறது. மேற்குத் தக்காணத்தில் ஏட்டோட்டங்கள் அடுக்கடுக்காக உண்டு. ஆக, மராட்டிய மலைகளைப் பற்றித் தமிழில் எழுதுபவருக்கும் இதே சொல் உதவும்.


மடல் 9: சென் தெனி, யாழ்ப்பாணத்து உறுப்பினர்

ஒரு சின்னச் சிக்கல் இருக்கு, மன்னிக்கோணும். எங்கட பக்கம் "கரட்" என்டால் அந்த செம்மஞ்சள் கிழங்கு. "கரட்டோட்டம்" என்டு வாசிச்ச உடன எனக்குச் சந்தையில கரட் உருண்டு ஓடுறதுதான் கண்ணில வந்தது.


மடல் 10: சென் பியேர்

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, தம்பி. ஆனால் எரிமலைத் தாளில் கிழங்கை எவரும் தேடமாட்டார். சொல் முதலில் வரும் இடத்தில் "கரடு + ஓட்டம்" என்று பிரித்துக் காட்டிவிட்டால் போதும். "முரட்டோட்டம்" என்று மாற்றலாமா என்று யோசித்தேன். அது குழம்பு முரட்டுத்தனமாக ஓடுகிறது என்ற பொருளைத் தரும். உண்மை நேர்மாறு: சமதளத்தில் கரட்டோட்டத்தின் முகப்பு பெரும்பாலும் நடக்கிற மனிதனைவிட மெதுவாகத்தான் வரும், ஓட்டுச் சில்லு நொறுங்குவது போல ஓசை எழுப்பிக்கொண்டு.


மடல் 11: சென் அந்திரே

ஏட்டோட்டம், கரட்டோட்டம், கிட்டம், கயிற்றேடு, ஏடு உப்பல். ஐந்தையும் தாளில் ஏற்றுகிறேன். எச்சரிக்கைப் பகுதிக்கு எழுதியதைச் சென் பியேர் ஐயா சரிபார்க்க வேண்டும்:

"கரட்டோட்டத்தில் நடக்கும்போது கெட்டி அடிப்பாகமுள்ள சப்பாத்தும் கையுறையும் வேண்டும். விழுந்தால் உள்ளங்கைதான் முதலில் கிழியும். கிட்டம் காலடியில் உருளும். ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் இறங்க வேண்டாம். ஏட்டோட்டம் வழவழப்பாக இருப்பதால் பத்திரம் என்று நினைக்காதே. ஏட்டுக்கு அடியில் வெற்றிடம் இருக்கலாம். கோலால் தட்டிப் பார். பானையைத் தட்டியது போல ஒலித்தால் விலகிப் போ. குழம்பு கடலில் விழும் இடத்தில் எழும் வெண்புகை வெறும் நீராவி அல்ல. கடல்நீரின் உப்பிலிருந்து பிறக்கும் ஐதரோகுளோரிக் அமிலம் அதில் இருக்கிறது."


மடல் 12: சென் பியேர்

சரியாக இருக்கிறது. இரண்டு சேர்க்கை. ஒன்று, கடலோரத்தில் குழம்பு புதிதாக உண்டாக்கிய தரைமேல் நிற்க வேண்டாம். அதன் அடித்தளம் உதிர்ந்த மணலும் கிட்டமும்தான், சொல்லாமல் சரியும். இரண்டு, வெளியே கறுத்துவிட்டது என்பதால் ஆறிவிட்டது என்று பொருளில்லை. 2007 ஏப்ரலில் திராம்பிளே பக்கம் வந்த ஓட்டம் சில இடங்களில் பல பத்து மீட்டர் தடிமன். அதன்மேல் சாலை போட்ட பிறகும் மழை பெய்தால் ஆண்டுக்கணக்கில் ஆவி கிளம்பியது. போர்வைக் கணக்கு அங்கேயும் அதேதான்.

தாளில் செடிகளுக்கு இடம் இருந்தால், கருப்புத் தரையில் முதலில் சாம்பல் பூத்தது போலப் படர்வது ஸ்டீரியோகாலோன் என்ற லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்), அடுத்துப் பிளவுகளில் பெரணிகள் என்று ஒரு வரி சேர்க்கலாம். பிள்ளைகள் சாலையோரத்திலேயே பார்த்துக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது. ஏடு கிழிந்தும் கிழியாமலும், மேசைப் பலகை அளவுத் துண்டுகளாக உடைந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் இடைநிலை. "சில்லேடு" எனலாமா?


மடல் 13: சென் தெனி, நெசவூர்க்காரர்

சில்லேடு சரி. ஆனால் "சில்லோடு" என்று தட்டச்சாகிவிட்டால் கூரை ஓடு ஆகிவிடும், மெய்ப்பு பார்ப்பவர் கவனிக்கட்டும்.