ஒரே பீட்சாவைக் கடைதோறும் கேட்டு வாங்கி மதிப்பெண் போடுவது முறையா?

நுண்சுவை எழுதியது:

நானும் என் கணவரும் கடந்த எட்டு மாதங்களாக, மாதத்திற்கு இரு முறை, எங்கள் ஊரிலுள்ள பீட்சாக் கடைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருகிறோம். இதுவரை ஒன்பது கடைகள் முடிந்துள்ளன. பெரும்பாலானவற்றுக்கு இரண்டாம் முறையும் சென்றுவிட்டோம். ஒப்பீடு நியாயமாக அமைய வேண்டும் என்பதற்காக எங்கு சென்றாலும் மார்கரீட்டாவை மட்டுமே கேட்பது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். தக்காளி, மொசரெல்லா என்ற பாலாடைக்கட்டி, பேசில் இலை, சிறிது ஆலிவ் எண்ணெய் ஆகியவை மட்டுமே சேரும் அந்தப் பீட்சாவில் குறையை மறைக்க இடமே கிடையாது. மாவு பச்சையாக இருந்தாலும் தக்காளி புளித்திருந்தாலும் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். மாவுக்கு 40, தக்காளிக்கு 20, மொசரெல்லாவுக்கு 20, வெந்த பக்குவத்திற்கு 20 என்று குறிப்பேட்டில் பிரித்து எழுதி வருகிறேன்.

சென்ற வாரம் ஒரு கடையில் நான் குறிப்பேட்டைத் திறந்தபோது என் கணவர், "நீ என்னோடு சாப்பிட வரவில்லை, பீட்சாவைத் தேர்வெழுத வைக்க வருகிறாய்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்றாலும் அது மனத்தில் தங்கிவிட்டது. இருந்தும் என் கருத்து மாறவில்லை. கவனித்துச் சாப்பிடுபவருக்குத்தான் சுவை முழுமையாகக் கிடைக்கிறது. ஒப்பிடுவது இன்பத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்றே நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

வெண்மேகம் எழுதியது:

காரணத்தோடே மறுக்கிறேன். எட்டு மாதங்களாக உங்கள் கணவர் உங்களோடு பீட்சாக் கடைக்கு வருகிறார். அத்தனை முறையும் அவர் முன்னால் வந்தது மார்கரீட்டாதான். தமக்கு வேண்டியதைக் கேட்டுச் சாப்பிட அவருக்கு ஒரு முறையாவது வாய்ப்புக் கிடைத்ததா? உங்கள் பதிவில் "முடிவு செய்திருந்தேன்" என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்களே தவிர, "முடிவு செய்திருந்தோம்" என்று எழுதவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, நான் கவனித்தேன்.

இருவர் வெளியே சாப்பிடச் செல்வது என்பது வீட்டு வேலை, தொலைபேசி, நாளைய கவலை எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு எதிரெதிரே அமர்வதற்காக. பீட்சா அதற்கு ஒரு சாக்கு. மனிதரின் கவனம் வற்றாத ஊற்றன்று. தட்டுக்குக் கொடுத்தது போக மீதிதான் எதிரில் இருப்பவருக்குக் கிடைக்கும். எனக்கும் என் மனைவிக்கும் மிகப் பிடித்த கடையில் பீட்சா சுமாராகத்தான் இருக்கும். ஆனால் மேசைகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருக்கும், பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்காது, தட்டு காலியானதும் எழுந்து போகும்படி யாரும் பார்வையால் துரத்த மாட்டார்கள். உங்கள் நூறு மதிப்பெண்ணில் இவற்றுக்கு எத்தனை?

நுண்சுவை எழுதியது:

ஒருமையில் எழுதியதைச் சுட்டிக்காட்டியது சரியான அடி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அளந்து பார்ப்பதே தவறு என்ற தொனியை ஏற்க முடியாது. பீட்சா பிறந்த இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்திலேயே 1984இல் கைவினைஞர்கள் சங்கம் அமைத்து, உண்மையான நேப்பிள்ஸ் பீட்சா எப்படி இருக்க வேண்டும் என்று விதிகளை எழுதி வைத்தார்கள். 2010இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதை மரபுவழித் தனிச்சிறப்புள்ள உணவாகப் பதிவு செய்தது. விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, நடுப்பகுதியின் கனம் ஏறத்தாழ 0.4 சென்டிமீட்டர், உப்பிய விளிம்பு 1 முதல் 2 சென்டிமீட்டர், விறகடுப்பின் தளத்தில் ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ் வெப்பம், வேகும் நேரம் 60 முதல் 90 நொடிகள் என்று அந்தப் பதிவில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. செய்பவர்கள் அளந்து செய்யலாம், சாப்பிடுபவர்கள் மட்டும் அளந்து பார்க்கக் கூடாதா?

வெண்மேகம் எழுதியது:

நீங்கள் எடுத்துக்காட்டிய விதிகள் ஒரே ஒரு வகைப் பீட்சாவுக்கு உரியவை. ரோமில் நீள்சதுரத் தட்டில் சுட்டுத் துண்டு போட்டு விற்கும் பீட்சாவையும், சிகாகோவின் ஆழமான பாத்திரத்தில் அரை மணி நேரத்திற்கும் மேலாக வேகும் பீட்சாவையும் அந்த விதிகளின்முன் நிறுத்தினால் இரண்டுமே தோற்றுவிடும். வெண்பாவுக்குரிய தளையை வைத்துக்கொண்டு ஆசிரியப்பாவில் குறை கண்டுபிடிப்பது போன்றது அது. உங்கள் ஒன்பது கடைகளும் ஒரே வகைப் பீட்சாதான் சுடுகின்றனவா? தட்டில் கனமாகச் சுடுவதில் கைதேர்ந்த கடைக்காரரிடம் போய் மெல்லிய மார்கரீட்டாவைக் கேட்டு, அது சரியாக வரவில்லை என்று 55 போட்டிருந்தால், அந்தக் கடைக்கு நீங்கள் செய்தது அநீதி.

2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் பீட்சாவை அன்று. அதைச் செய்யும் நேப்பிள்ஸ் கைவினைஞரின் கலையைத்தான் சேர்த்தது. செய்பவர், அடுப்பு, சுற்றி நிற்பவர்களின் பேச்சு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கலை. அதில் வட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து மதிப்பெண் போடுகிறீர்கள்.

அடுப்படியான் எழுதியது:

ஆறு ஆண்டுகள் பீட்சா அடுப்பின்முன் நின்றவன் என்ற முறையில் இருவருக்கும் சில செய்திகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நுண்சுவை அவர்களுக்கு. மார்கரீட்டாவை வைத்துச் சோதிப்பது நல்ல முறைதான். புதிதாக வேலைக்கு வருபவரிடம் நாங்களும் அதைத்தான் செய்யச் சொல்வோம். ஆனால் நீங்கள் மதிப்பெண் போடுவது கடைக்கு என்று நினைத்துக்கொண்டு, உண்மையில் ஒரு மணி நேரத்திற்குப் போடுகிறீர்கள். மாவு உருண்டைகள் பெரும்பாலும் முந்தைய நாளோ அதற்கும் முன்போ பிசைந்து, குளிரில் மெல்ல நொதிக்க வைத்தவை. வெளியே எடுத்து வைத்த பிறகு அவை பக்குவமாக இருக்கும் நேரம் குறைவு. கடை திறந்தவுடன் வந்தால் மாவு இன்னும் குளிர்ந்து இறுகியிருக்கும். விரித்தால் ரப்பர் போல மீண்டும் சுருங்கும். கடை மூடும் நேரத்தில் வந்தால் அதே உருண்டை தளர்ந்து, கையில் ஒட்டி, விளிம்பு உப்பாமல் தட்டையாக வேகும். இரண்டும் ஒரே கைதான், ஒரே மாவுதான்.

அடுப்பின் தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரமான ஒரு பீட்சா ஒவ்வொரு முறை விழும்போதும் அது விழுந்த இடம் வெப்பத்தை இழக்கிறது. கூட்ட நேரத்தில் அந்த இடம் மீண்டும் சூடேறும் முன்பே அடுத்தது விழுந்துவிடும். மேலே மொசரெல்லா உருகிக் கரும்புள்ளி விழுந்திருக்கும், அடிப்பாகமோ வெளிறிக் கிடக்கும். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வருகிறவர்களில் பலருக்கு அப்படித்தான் கிடைக்கும். மொசரெல்லாவின் நீரை வடிய விடாமல் அவசரத்தில் போட்டாலோ, நடுவில் ஒரு சிறு குளமே தேங்கும்.

மின் அடுப்பு வைத்திருக்கும் கடையை விறகடுப்புக் கடையோடு சேர்த்து எடைபோடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2018இல் ஆந்திரே வர்லமோவ், ஆந்திரியாஸ் கிளாட்ஸ் என்ற இயற்பியலாளர்கள் பீட்சா வேகும் விதத்தையே கணக்கிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். விறகடுப்பின் செங்கல் தளம் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் ஏறத்தாழ 330 டிகிரியிலும் அடி கருகாமல் இரண்டு நிமிடத்தில் பீட்சா வெந்துவிடுகிறது. மின் அடுப்பின் எஃகுத் தளம் வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடுவதால் அதை 230 டிகிரி அளவுக்குக் குறைத்து, 170 நொடிகள் வரை வேக விட வேண்டியிருக்கிறது. நேரம் கூடக் கூட நீர் ஆவியாகிப் பீட்சா சற்று உலர்ந்துபோகும். இது அந்தக் கடைக்காரரின் கைக்குறை அன்று.

இப்போது வெண்மேகம் அவர்களுக்கு. எதிரெதிரே அமர்ந்து மனம்விட்டுப் பேசத்தான் போகிறோம் என்றால் மெல்லிய பீட்சாவைத் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒன்றரை நிமிடத்தில் வெந்த அந்தப் பீட்சாவின் வாழ்நாள் சில நிமிடங்கள்தான். நீங்கள் கதை பேசி முடிப்பதற்குள் அது தோல் போல இறுகிவிடும். பிறகு பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "என்ன, இப்படி இழுக்கிறது?" என்று கேட்பீர்கள். பேச்சுக்காக வருகிறவர்களுக்கு ஏற்றது தட்டில் சுட்ட கனமான பீட்சா. அது தன் சூட்டைத் தானே வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கும்.

இரட்டைக்கிளவி எழுதியது:

யாரும் தொடாத ஒரு செய்தி: நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பீட்சா வாங்குகிறீர்களா, ஒன்றை வாங்கிப் பங்கிட்டுக்கொள்கிறீர்களா? 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1414 சதுர சென்டிமீட்டர். 45 சென்டிமீட்டர் பீட்சா ஒன்றின் பரப்பு மட்டுமே 1590. இரண்டு சிறியதைவிட ஒரு பெரியது அதிகம் என்பதைப் பலர் நம்பவே மறுக்கிறார்கள். விளிம்பு 2 சென்டிமீட்டர் என்று கொண்டால், சிறியதில் நான்கில் ஒரு பங்கு விளிம்பாகவே போய்விடும்; பெரியதில் அது ஆறில் ஒரு பங்குதான். ஆகவே விளிம்பைத் தட்டில் ஒதுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பெரியதே இலாபம். ஒப்பீடு செய்பவர் கடைக்குக் கடை அளவை மாற்றி வாங்கியிருந்தால் மாவுக்குரிய 40 மதிப்பெண்ணும் ஆட்டம் காணும் என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

நுண்சுவை எழுதியது:

நேற்று இரவு குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே கடைக்கு முதல் முறை 81, இரண்டாம் முறை 58 போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே "தரம் விழுந்துவிட்டது" என்று எழுதி இரு முறை அடிக்கோடும் இட்டிருக்கிறேன். முதல் முறை சென்றது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி. இரண்டாம் முறை சனிக்கிழமை இரவு. அடுப்படியான் அவர்கள் எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கடைக்கு நான் இனி ஒருபோதும் போயிருக்க மாட்டேன்.

விளிம்பைப் பற்றிய கணக்கு எங்கள் வீட்டில் வேறு விதமாக வேலை செய்கிறது. நான் விளிம்பை விரும்பி உண்பவள், அவர் ஒதுக்குபவர். ஒரே பீட்சாவைப் பங்கிட்டுக்கொள்வதால், அவர் ஒதுக்கிய விளிம்புகள் ஒவ்வொன்றாக என் பக்கம் நகர்ந்து வரும். திருமணமான நாளிலிருந்தே இதுதான் வழக்கம். வெண்மேகம் அவர்கள் நினைப்பது போல நாங்கள் மௌனமாகத் தேர்வுத்தாள் திருத்துவதில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் தக்காளியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டுதான் வருகிறோம், அவர் 17 என்பார், நான் 12 என்பேன். ஒப்பீடு இல்லாமல் அந்தச் சண்டை ஏது?

வெண்மேகம் எழுதியது:

அந்தச் சண்டையை நான் குறை சொல்லவில்லை. கேட்கவே இனிமையாக இருக்கிறது. ஆனால் அது நடப்பது வீடு திரும்பும் வழியில். அவர் குறைபட்டுக்கொண்டது மேசையில். அவர் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "நீ என்னோடு சாப்பிட வரவில்லை". மதிப்பெண்ணைப் பற்றி அதில் முதலில் எதுவும் இல்லை. "என்னோடு" என்பதுதான் முதலில் இருக்கிறது. இத்தனை பேரிடம் கேட்டுவிட்டீர்கள், அவரிடம் கேட்டீர்களா?

அடுப்படியான் அவர்களின் அறிவுரையை இனிப் பின்பற்றுவேன். பரிமாறுபவரைக் கூப்பிட்டு அப்படிக் கேட்டவன் நான்தான், அதுவும் ஒரு முறை அன்று.

நுண்சுவை எழுதியது:

கேட்டேன். அவருக்குக் குறிப்பேட்டின் மீது வருத்தமே இல்லையாம். பீட்சா வந்தவுடன் நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், ஒரு துண்டைத் தூக்கி அடிப்பாகத்தின் நிறத்தை ஆராய்வதும், எழுதி முடிக்கும்வரை அவரைக் கை வைக்க விடாமல் காத்திருக்கச் செய்வதும்தான் வருத்தமாம். "ஆறிப்போனதைத்தான் எட்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். எத்தனை நிமிடம் காக்க வைத்தேன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன எண்ணை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. சில கடைகளின் பெயருக்கு எதிரே "விளிம்பு இறுகிவிட்டது" என்று நானே எழுதிக் கழித்த மதிப்பெண்களை யார் கணக்கில் வைப்பது?

அடுத்த சனிக்கிழமை, என் பட்டியலில் நான்காம் இடத்தில் இருக்கும் கடைக்குப் போகிறோம். தேர்ந்தெடுத்தவர் அவர். அவருக்குக் காளான் பீட்சா, எனக்கு மார்கரீட்டா, விளிம்புகள் வழக்கம் போல. குறிப்பேடு வண்டியிலேயே இருக்கும். ஒரே ஒரு முறை மட்டும் அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒப்பிடுவது இன்பத்தைக் கூட்டும் என்ற என் கருத்தை மட்டும் நான் இன்னும் கைவிடவில்லை.

அடுப்படியான் எழுதியது:

சனிக்கிழமை வேண்டாம். செவ்வாய்க்கிழமை போங்கள், ஏழு மணிக்கு.