புதுப்பிப்பு: ஓடும்போது அணையும் மின்சார ஸ்கூட்டர், பழுது பிடிபட்டது

மன்னார்குடியில் பழையதாக வாங்கிய 60 வோல்ட் ஸ்கூட்டர், நீடாமங்கலம் சாலையில் ஒரு குழியில் இறங்கி ஏறினாலே அணைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தேன். பாதிப்பேர் பேட்டரியைச் சொன்னீர்கள், மீதிப்பேர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றச் சொன்னீர்கள். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

நிற்கும்போது அளப்பதில் பயனில்லை, பாரம் ஏற்றி அளக்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னாரே, அதுதான் வழிகாட்டியது. தம்பியைப் பின்னால் உட்காரவைத்து மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தேன். ஆக்ஸிலரேட்டரைத் திருகியபோது பேட்டரி முனைகளில் 61 வோல்ட்; கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில் 50-க்கும் கீழே! வழியில்தான் மின்னழுத்தம் தொலைகிறது.

கால்வைக்கும் பலகையைக் கழற்றினேன். தடித்த சிவப்பு ஒயரின் இணைப்பானில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. உள்ளே பித்தளை முனையில் பச்சைக் களிம்பு. ஐப்பசி மழையில் சேற்றுத் தண்ணீர் தெறிக்கும் நம் ஊர்ச் சாலைகளுக்கு அந்த இடம் கொஞ்சமும் தாங்காது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கருகிய பகுதியை வெட்டி, அதே ஆம்பியர் தாங்கும் புது இணைப்பானை இறுக்கிப் பொருத்தினேன். இப்போது குலுங்கினாலும் அணைவதில்லை.

வண்டி சில நேரம் கிளம்பவும் மறுத்தது; அதற்குக் காரணம் வேறு: பிரேக் பிடியிலுள்ள சுவிட்ச் மண் அடைத்து அழுந்தியே நின்றதால், பிரேக் பிடித்திருப்பதாக எண்ணி கன்ட்ரோலர் மோட்டாரை ஓடவிடவில்லை. பிரேக் விளக்கு அணையாமல் எரிந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

வேகமானி மட்டும் இன்னும் துடிக்கிறது. மோட்டாரின் சுழற்சியை உணரும் ஹால் சென்சாரின் ஒயரை அடுத்துச் சோதிக்கப்போகிறேன்.