கிலோமீட்டர் கம்மி, ஹவர் ஜாஸ்தி: டீசல் இன்ஜின்ல ஏமாந்த, தப்பிச்ச அனுபவம் சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. பழைய டீசல் வண்டி வாங்கப் போறவங்க எல்லாரும் முதல்ல எட்டிப் பாக்குறது கிலோமீட்டர் மீட்டரத்தான். நானும் அதைத்தான் பாத்தேன். மூணு வருசம் முன்னாடி ஒரு கான்கிரீட் மிக்சர் லாரி வாங்கினேன், ஓடினது வெறும் 96,000 கி.மீ., ஹைவேல ஓடுற பெரிய லாரி ஒழுங்கா ஆயில் மாத்தினா 10 லட்சம் கி.மீ. வரைக்கும் இன்ஜின் பிரிக்காமலே போகும், அப்போ இது இன்னும் புதுசுதானேன்னு நம்பி எடுத்துட்டேன். ஆறே மாசத்துல ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது. காலைல செல்ஃப் அடிச்சா ரொம்ப நேரம் இழுத்து இழுத்துதான் ஸ்டார்ட் ஆகும், ஆனதும் பின்னாடி நீலப்புகை.

மெக்கானிக் வந்து பண்ண முதல் வேலைய அப்படியே சொல்றேன், எல்லாருக்கும் உதவும். இன்ஜினை ஐடில்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம) விட்டு, ஆயில் ஊத்துற மூடியைத் திருகிக் கழட்டி, அதே வாய் மேல தலைகீழா சும்மா வச்சார். மூடி தடதடன்னு ஆடிச்சு, ஒரு பக்கமா நழுவி கீழ விழுந்துச்சு, உள்ளேர்ந்து புகை குப்பு குப்புன்னு வருது. "பேக் கம்ப்ரஷன், ரிங்கும் லைனரும் தேஞ்சிருக்கு"ன்னார். அதாவது பிஸ்டனைச் சுத்தி இருக்குற ரிங்கும், பிஸ்டன் ஏறி இறங்குற குழாயான லைனரும் தேஞ்சு, எரியுற வாயு கீழ ஆயில் பக்கம் கசியுது. அப்புறம் ஸ்கேனர் மாட்டி ஈசியூல (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) படிச்சா இன்ஜின் ஓடின மொத்த நேரம் 11,800 ஹவர். வகுத்தா சராசரி ஸ்பீடு மணிக்கு 8 கி.மீ. சொச்சம்தான். மிக்சர்ல டிரம்மைச் சுத்துறதும் அதே இன்ஜின்தானே, லோடு ஏத்துனதுல இருந்து இறக்குற வரைக்கும் வண்டி நின்னாலும் டிரம் சுத்தணும், இல்லன்னா உள்ள கான்கிரீட் இறுகிரும். சக்கரம் நிக்குது, கிராங்க் நிக்கல.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்கு போட்டேன். சராசரி 60ல போற லாரிக்கு 10 லட்சம் கி.மீ.ன்னா கிட்டத்தட்ட 16,700 ஹவர். அதே இன்ஜின் ஊருக்குள்ள நின்னு நின்னு சராசரி 20ல ஓடினா அந்த 16,700 ஹவர் மூணேகால் லட்சம் கி.மீ. தாண்டினதும் முடிஞ்சுரும். இன்ஜின் ஒண்ணுதான், உழைப்பும் ஒண்ணுதான், மீட்டர் மட்டும் மூணுல ஒரு பங்கு காட்டும். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

பதில் 1

நான் ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்) ஆபரேட்டர், எங்களுக்கு கிலோமீட்டரே கிடையாது, எல்லாம் ஹவர்தான். ஆனா அண்ணே, ஹவரை மட்டும் நம்புறதும் ஆபத்துங்கிறதுக்கு ரெண்டு மெஷின் சொல்றேன். ரெண்டும் ஒரே மாடல், 1,500 ஆர்பிஎம். ஒண்ணு தினமும் ஓடுறது, எப்பவும் முக்கால்வாசி லோடு, ஆயிலும் ஃபில்டரும் 250 ஹவருக்கு ஒருதடவை தவறாம மாத்துவோம். 22,000 ஹவர் தாண்டித்தான் முதல் தடவையா ஹெட் கழட்டினோம். இன்னொண்ணு கரண்ட் போனா மட்டும் ஓடுற ஸ்டாண்ட்பை. எட்டு வருசத்துல மொத்தமே 1,900 ஹவர், ஆனா அதுக்குள்ள எக்சாஸ்ட் ஜாயின்ட்ல கருப்பா எண்ணெய் மாதிரி வடிய ஆரம்பிச்சுருச்சு, ஆயிலும் குறையுது.

பிரிச்சுப் பாத்தா லைனர் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. புது லைனர்ல குறுக்கும் நெடுக்குமா ஹோனிங் கோடு இருக்கும்ல, அதுலதான் ஆயில் தங்கும், அந்தக் கோடே தெரியல, நகத்தை வச்சு இழுத்தா வழுக்கிட்டுப் போகுது. வாராவாரம் லோடே இல்லாம இருபது நிமிசம் ஓட்டி நிறுத்தினதுதான் காரணம். மத்த நேரமும் லோடு 15, 20 சதவீதம் தாண்டாது. டீசல் இன்ஜின் 30 சதவீதத்துக்குக் கீழயே ஓடிக்கிட்டு இருந்தா சிலிண்டர் சூடாகாது, டீசல் முழுசா எரியாது, ரிங்குக்குப் பின்னாடி பிரஷர் பத்தாம லைனரோட ஒட்டி உட்காராது, எரியாத டீசலும் கரியும் லைனர்ல பாலிஷ் மாதிரி படிஞ்சுரும். ஆரம்பத்துலயே லோடு பேங்க் (செயற்கையா லோடு கொடுக்குற கருவி) போட்டு சில மணி நேரம் நல்ல லோடுல ஓட்டியிருந்தா அந்த மெஷின் தப்பிச்சிருக்கும், எனக்கு இன்னும் மனசு ஆறல.

பதில் 2

டிராக்டர் வச்சிருக்கவங்க இதைக் கண்டிப்பா படிங்க. பழைய டிராக்டர்ல இருக்குற கேபிள் ஹவர் மீட்டர் கடிகாரம் கிடையாது, அது இன்ஜின் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணுற மீட்டர். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல, பலதுல அது 1,500 கிட்ட இருக்கும், ஓடினாத்தான் ஒரு மணி நேரத்தை ஒரு மணி நேரமா காட்டும். 750ல ஐடில்ல நின்னா ஒரு மணி நேரத்துக்கு அரை மணிதான் ஏறும். 1,500ல ஒரு மணிக்கு 90,000 சுத்து, அந்தக் கணக்குல 10,000 ஹவர்னா 90 கோடி சுத்து. தேய்மானத்துக்கு சுத்து எண்ணுறது ஒருவகையில நியாயம்தான், ஆனா ஆயில் மாத்துறதுக்கு அதை நம்பினா நாள் தள்ளிப்போகும். எலக்ட்ரிக் மீட்டர்ல வேற சிக்கல், சிலது சாவி ஆன்ல இருந்தாலே ஓடும், இன்ஜின் ஓட வேண்டியதே இல்ல.

நான் டிராக்டர் பாக்கப் போனா மீட்டருக்கு அடுத்து கிளட்ச் பெடல் ரப்பரத்தான் பாப்பேன். மீட்டர் 2,000 காட்டி ரப்பர்ல வரியே இல்லாம வழவழன்னு தேஞ்சிருந்தா மீட்டர் மாறியிருக்குன்னு சந்தேகப்படுவேன்.

இன்னொரு விசயம், எனக்கு நடந்தது. 8,000 ஹவராவது வரும்னு நெனச்ச இன்ஜின் 2,300ல போயிருச்சு. காரணம் ஏர் கிளீனர்ல இருந்து வர்ற ஹோஸ்ல ஒரு கிளாம்ப் லூஸ். அவ்ளோதான். அந்த இடுக்குல மண் உள்ள போய் நாலு சிலிண்டர் போரையும் அரைச்சிருக்கு. ஹோஸை உருவிப் பாத்தா உள்பக்கம் மெலிசா மண்ணு, விரல்ல ஒட்டுது. முன்னாடியே ஆயில் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தா சிலிக்கான் ஏறியிருக்குறதுல தெரிஞ்சிருக்கும், மண்ணுல சிலிக்கான் இருக்கும்ல, கூடவே இரும்பும் ஏறியிருக்கும். இப்ப ஒவ்வொரு சர்வீஸுக்கும் அந்த கிளாம்ப்பை நானே கையால முறுக்கிப் பாக்குறேன்.

பதில் 3

கப்பல்ல இன்ஜினியரா இருக்கேன். எங்க மெயின் இன்ஜின் நிமிசத்துக்கு 100 சுத்து பக்கம்தான், அதாவது மணிக்கு 6,000 சுத்து, டிராக்டர் நண்பர் சொன்ன 90,000த்தோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு வருசத்துல 8,760 மணி நேரம், நீண்ட பயணம்னா அதுல பெரும்பகுதி ஓடிக்கிட்டேதான் இருக்கும், ஸ்டார்ட் ஸ்டாப் ரொம்பக் கம்மி. நாங்க ஆயுசை ஊகிக்கிறதில்ல, லைனர்ல கேஜ் வச்சு அளந்து 1,000 ஹவருக்கு எவ்ளோ தேஞ்சுதுன்னு எழுதி வைப்போம், 0.1 மி.மீ.க்கு மேல போனா காரணம் தேடுவோம். குளிர்ந்த இன்ஜினை அடிக்கடி ஸ்டார்ட் பண்றதுதான் எந்த டீசலுக்கும் கெடுதல், ஆயில் மேல ஏறுறதுக்குள்ள உலோகத்து மேல உலோகம் உரசும்.

கூலன்ட்டையும் மறந்துராதீங்க. வெட் லைனர் இன்ஜின்ல (லைனரோட வெளிப்பக்கத்துல கூலன்ட் நேரா படுற வகை) அடிட்டிவ் இல்லாம வெறும் தண்ணி ஊத்தினா லைனர் அதிர்ற அதிர்வுல வெளிப்பக்கம் குமிழ் உண்டாகி உடைஞ்சு குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை போட்டுரும். ரிங் புதுசாவே இருக்கும், ஆயில்ல தண்ணி கலந்திருக்கும்.

முதல் பதிவு போட்டவன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பா ஜென்செட் நண்பருக்கு. அவர் சொன்னதைப் படிச்ச பிறகு, ஒரு ஹவரும் இன்னொரு ஹவரும் சமம் இல்லைங்கிறது புரியுது. கேட்டர்பில்லர் மாதிரி கம்பெனிங்களே ஓவர்ஹாலுக்கு ஹவரோட எரிஞ்ச டீசலையும் சேத்துக் கணக்கு பண்றாங்க, எவ்ளோ டீசல் எரிஞ்சுதோ அவ்ளோ வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்.

போன வாரம் இன்னொரு லாரி பாக்கப் போனேன், 5,20,000 கி.மீ. கூட வந்தவங்க நம்பரைப் பாத்ததுமே வேண்டாம்னாங்க. நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு முதல் நாள் ராத்திரியே ஓனர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், இன்ஜின் மேல கை வச்சா ஜில்லுன்னுதான் இருந்துச்சு. ஸ்கேனர்ல மொத்த ஹவர் 9,100, சராசரி 57, ஐடில் ஹவர் அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல, மொத்தம் எரிஞ்ச டீசலும் அந்த ஓட்டத்துக்குப் பொருந்துது. செல்ஃப் தொட்டதும் பிடிச்சுது. அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து ஐடில்ல விட்டு மூடியைக் கழட்டித் தலைகீழா வச்சேன். லேசா நடுங்குச்சு, ஆனா வச்ச இடத்துலயே இருந்துச்சு. அங்கயே அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துட்டேன்.