கவர்ச்சர் சாக்லேட் பார் மோல்டை விட்டு வரவில்லை, மேலே வெள்ளைத் திட்டு. என்ன செய்யலாம்?

செல்வி, திருச்சி:
வீட்டில் சாக்லேட் பார் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். இதுவரை காம்பவுண்டு சாக்லேட்தான். டபுள் பாயிலிங்கில் உருக்கி, மோல்டில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் தட்டியதும் விழுந்துவிடும். இப்போது 55% டார்க் கவர்ச்சர் (கோகோ பட்டர் என்கிற கோகோ கொழுப்பு அதிகமுள்ள சாக்லேட்) வாங்கி அதே மாதிரி செய்தேன். நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தொட்டால் விரலில் அப்புகிறது. மறுநாள் மேலே திட்டுத்திட்டாக வெள்ளை. பூஞ்சையா? அடுத்த முறை கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடட்டுமா?

உமா, கோவை:
பூஞ்சை இல்லைம்மா, தாராளமாகச் சாப்பிடலாம். அந்த வெள்ளையை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு மறைந்தால் கோகோ பட்டர் மேலே வந்து படிந்திருக்கிறது. சொரசொரவென்று இருந்தால் ஈரம் பட்டுச் சர்க்கரை பூத்திருக்கிறது.

காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. அது எப்படி ஆறினாலும் ஒழுங்காக இறுகிவிடும். கோகோ பட்டர் அப்படி இல்லை, ஆறு விதமாகப் படிகமாகும். நமக்கு வேண்டியது ஐந்தாவது. அதற்குத்தான் பளபளப்பும், உடைத்தால் 'டக்' என்ற சத்தமும். 33, 34 டிகிரி வரை தாங்கும், இறுகும்போது சற்றுச் சுருங்கி மோல்டைத் தானே விட்டுவிடும். சும்மா உருக்கி ஊற்றினால் சீக்கிரம் இளகுகிற வகைகளும் கலந்து வந்துவிடும். அதனால்தான் டெம்பரிங், அதாவது அந்த ஐந்தாவது வகையாக இறுகும்படி சூட்டைப் பார்த்து உருக்கி ஆற்றுவது.

500 கிராம் என்றால் 150 கிராமைப் பொடியாக நறுக்கித் தனியே வையுங்கள். மீதியை 45 முதல் 50 டிகிரிக்குள் உருக்கி இறக்கிவிட்டு, நறுக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். பாலுக்கு உறை மோர் ஊற்றுகிற மாதிரிதான் இது. 31, 32 டிகிரிக்கு வந்ததும் கத்தி நுனியில் தொட்டு வையுங்கள். ஐந்து நிமிடத்தில் கோடில்லாமல் இறுகினால் ஊற்றலாம். மில்க் சாக்லேட்டுக்கு 29, 30 போதும்.

பிரபு, சென்னை:
தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். இன்னும் இளகத்தான் செய்யும். ஐஸ்கிரீம் மேல் ஊற்றுவதற்கு வேண்டுமானால் சரி.

அப்புறம் அறைச் சூடு. திருச்சி வெயிலில் அறையே 35 டிகிரி இருந்தால் சாக்லேட் எப்படி 32க்கு இறங்கும்? ஏசியை 21, 22-ல் வைத்துச் செய்யுங்கள். ஊற்றியபின் ஃப்ரிட்ஜில் பதினைந்து நிமிடம் போதும், ராத்திரி முழுக்க வேண்டாம்.

செல்வி, திருச்சி:
நன்றி உமா அக்கா, பிரபு. தேய்த்தேன், வழுக்குகிறது. தெர்மாமீட்டர் இல்லாமல் முடியுமா? இன்னொன்று, பாத்திரத்தை மூடி வைத்ததில் ஆவித் தண்ணீர் சொட்டி, ஒரு கிண்ணம் மண்ணு மாதிரி திரண்டுவிட்டது.

உமா, கோவை:
ஒரு துளியை உதட்டுக்குக் கீழே வைத்தால் லேசாகச் சில்லென்று பட வேண்டும். பழகியவர்கள் அப்படிப் பார்ப்பார்கள். நீங்கள் டிஜிட்டல் தெர்மாமீட்டரே வாங்கிவிடுங்கள். உருக்கும்போது மூடவே கூடாது.

திரண்டது இனிப் பாருக்கு ஆகாது. சூடான பாலை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கலக்குங்கள், சாஸாகிவிடும், கேக்குக்கு ஊற்றலாம். வெள்ளை படிந்த பார்களைத் திரும்ப உருக்கலாம், ஆனால் உறைக்கு அவற்றைப் போடாதீர்கள். அதற்குப் பாக்கெட்டில் இருக்கிற புதுத் துண்டுதான் வேண்டும்.