காஸ்ட் போட்டு வாயை அடைத்த கதைகள்

லினக்ஸில் சத்தமில்லாமல் பில்டு ஆகும். அதே சோர்ஸை மேக்கில் போட்டால் திரை முழுக்கச் சிவப்பில் 'டைப் பொருந்தவில்லை' எரர்கள். கம்பைலர் (நாம் எழுதும் நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) சோர்ஸில் கை வைத்தவர்கள் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் எழுதுங்கள்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு சின்ன மொழியின் கம்பைலர். சி++ல் எழுதியது. ஆப்ஜெக்ட் ஃபைல் எழுதும் பகுதியில் ஒரு வரி: செக்‌ஷனின் அளவு, பஃபரில் உள்ள பைட்களின் எண்ணிக்கை, இரண்டில் பெரியதை 'மேக்ஸ்' ஃபங்ஷனால் எடுக்கிறது. முதலாவதன் டைப் (எந்த வகை எண், எத்தனை பைட் என்று சொல்வது) யுஇன்ட்64_டி, இரண்டாவதன் டைப் சைஸ்_டி. மேக்கில் இந்த அழைப்புக்குப் பொருந்தும் ஃபங்ஷனே இல்லை என்று நின்றுவிட்டது. இரண்டுமே 64 பிட், இரண்டுமே அன்சைன்டு, அதாவது மைனஸ் இல்லாத எண். இதில் என்ன பொருந்தவில்லை என்று அரை நாள் முழித்தேன்.

விஷயம் அளவில் இல்லை, பெயரில் இருக்கிறது. 64 பிட் லினக்ஸில் அந்த இரண்டு பெயர்களுக்கும் அடியில் இருப்பது 'அன்சைன்டு லாங்'. மேக்கில் சைஸ்_டி 'அன்சைன்டு லாங்', ஆனால் யுஇன்ட்64_டி 'அன்சைன்டு லாங் லாங்'. 'மேக்ஸ்' ஒரு டெம்ப்ளேட், அதாவது எந்த டைப்புக்கும் பொருந்தும்படி எழுதிய பொது ஃபங்ஷன். எட்டு பைட்டுக்கு எட்டு பைட் சரியாக இருந்தாலும் அதன் கண்ணுக்கு இவை வேறு வேறு டைப். இரண்டு ஆர்குமென்ட்டும் ஒரே டைப்பாக இருந்தால்தான் அது என்ன டைப் என்று கண்டுபிடிக்கும், இல்லாவிட்டால் கையை விரித்துவிடும். 'மேக்ஸ்' பக்கத்திலேயே எந்த டைப் வேண்டும் என்று எழுதிவிட்டேன், முடிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று அதே சூட்டில் இன்னும் பதினோரு இடங்களில் காஸ்ட் (இந்த மதிப்பை இந்த டைப்பாக எடுத்துக்கொள் என்று கம்பைலருக்குச் சொல்வது) போட்டேன். அவற்றில் ஒன்று ஃபைல் பெயரில் புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடும் வரி. 'ஃபைண்டு' தரும் சைஸ்_டியை யாரோ 32 பிட் காலத்தில் அன்சைன்டு இன்ட் ஃபீல்டில் வைத்திருந்தார்கள். மதிப்பு சுருங்குகிறது என்று மேக்கின் கம்பைலரான கிளாங் எச்சரித்தது. நம் பில்டில் எச்சரிக்கை என்றால் எரர்தான், அதனால் ஒரு காஸ்ட்டைப் போட்டு வாயை அடைத்தேன்.

சில மாதம் கழித்து ஒருவர் புள்ளியே இல்லாத பெயரில் ஒரு ஃபைலைக் கொடுத்தார். மாட்யூல் பெயரும் அதே, எக்ஸ்டென்ஷனும் அதே என்று வந்து நின்றது. புள்ளி இல்லை என்றால் 'ஃபைண்டு' தருவது 18446744073709551615. அதை நான்கு பைட்டில் திணித்தால் 4294967295. வேறு ஃபைலில் சைஸ்_டி வாங்கும் ஒரு குட்டி ஃபங்ஷன், 'கிடைக்கவில்லை' என்பதற்கான மதிப்போடு இதை ஒப்பிடுகிறது. இரண்டும் எப்போதும் சமமாகாது. புள்ளி கிடைத்துவிட்டதாக அது சொல்ல, அழைத்த இடம் அந்த நான்கு பைட் ஃபீல்டோடு ஒன்றைக் கூட்டியது. கூட்டினால் சுற்றிக்கொண்டு பூஜ்யம், அதாவது முழுப் பெயரும் எக்ஸ்டென்ஷன். 32 பிட்டில் இரண்டு எண்களும் ஒன்றே என்பதால் அந்தக் காலத்தில் இது ஒழுங்காக ஓடியிருக்கும்.

பிழை என் காஸ்ட்டால் வந்ததில்லை, முன்பே இருந்தது. ஆனால் கம்பைலர் விரல் நீட்டிக் காட்டிய இடத்தில் துணியைப் போட்டு மூடியது நான்தான். ஃபீல்டை சைஸ்_டி ஆக்கியதும் காஸ்ட்டுக்கே வேலை இல்லாமல் போனது.

*

உங்கள் கதை பாதி நாளில் முடிந்தது. நான் ஜிசிசி என்ற கம்பைலரின் வளர்ச்சிக் கிளையில் ஒரு சின்ன பேட்ச் போட்டு, பழைய 32 பிட் மெஷினில் பூட்ஸ்ட்ராப் பண்ணிப் பார்த்தேன். பூட்ஸ்ட்ராப் என்றால் ஜிசிசி தன்னைத்தானே மூன்று தடவை கட்டும் என்பது தெரிந்திருக்கும். முதல் கட்டத்தை மெஷினில் இருக்கும் கம்பைலர் கட்டுகிறது, அதில் எச்சரிக்கைகள் ஓடிக்கொண்டே போகும், யாரும் பார்ப்பதில்லை. இரண்டாம் கட்டத்தில்தான் எச்சரிக்கையெல்லாம் எரர் ஆகும். ராத்திரி ஓட விட்டுத் தூங்கிவிட்டேன், காலையில் பார்த்தால் இரண்டாம் கட்டத்தில் செத்துக் கிடக்கிறது.

காரணம் ஒரே ஒரு பிரின்ட் வரி. ஹோஸ்ட்_வைடு_இன்ட் என்று ஜிசிசிக்கு உள்ளேயே ஒரு டைப் உண்டு, எந்த மெஷினிலும் 64 பிட். என் லினக்ஸில் அது 'லாங்', அதனால் ஃபார்மேட்டில் 'லாங்'குக்கு உரிய 'எல்டி' போட்டேன், சரியாக இருந்தது. 32 பிட் மெஷினில் அதுவே 'லாங் லாங்'. 64 பிட் விண்டோஸிலும் அப்படித்தான், அங்கே 'லாங்' இன்னும் நான்கே பைட். இதற்கென்றே ஃபார்மேட் மேக்ரோ இருக்கிறது, பக்கத்து வரியிலேயே ஒருவர் பயன்படுத்தியும் இருந்தார். நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

*

எம்பெடட் பக்கம் வாருங்கள், இன்னும் வேடிக்கை. ஆர்ம் சிப்புக்கு நியூலிப் என்ற சி நூலகத்தோடு கட்டும்போது இன்ட்32_டி என்பது 'இன்ட்' இல்லை, 'லாங் இன்ட்'. இரண்டும் நான்கு பைட். ஆனால் 'மின்' போட்டால் பொருந்தாது, 'பிரின்ட்எஃப்'பில் 'இன்ட்'டுக்கு உரிய வெறும் 'டி' போட்டால் எச்சரிக்கை. பழக்கமில்லாதவர்கள் டூல்செயினே கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

*

எங்கள் கம்பைலர் ரஸ்ட்டில் எழுதியது. யு64ஐயும், மெஷினின் முகவரி அளவில் இருக்கும் யூசைஸையும் கலந்தால் ஈ0308 (டைப் பொருந்தவில்லை) என்று உடனே நிறுத்திவிடும், 64 பிட் மெஷினாக இருந்தாலும் விடாது. யு32ஐக் கூட யூசைஸ் ஆக 'ஃப்ரம்' வழியாக மாற்ற முடியாது, யு16 வரைதான். இவ்வளவு கண்டிப்பான வீட்டுக்கு 'ஆஸ்' என்று ஒரு கொல்லைப்புறக் கதவு. அதில் நுழைந்தால் 32 பிட்டில் மேல் பாதி சத்தமில்லாமல் போய்விடும். ஃபைலில் இருந்து படிக்கும் எண்களுக்கு மட்டும், மதிப்பு கொள்ளுமா என்று பார்த்து மாற்றும் 'ட்ரை_ஃப்ரம்' கட்டாயம் என்று வைத்துக்கொண்டோம். மற்றபடி 'ஆஸ்' தாராளமாகப் புழங்குகிறது, பொய் சொல்லவில்லை.

*

2024ல் வந்த ஜிசிசி 14 பற்றி யாரும் சொல்லவில்லையே? அதற்கு முன் சி மொழியில் பாயின்டர் (ஒரு வேரியபிளின் முகவரி) டைப் பொருந்தாவிட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடும். 14ல் அது எரர். ஒரு பழைய கம்பைலரை அதில் கட்டினேன், வரிசையாக விழுந்தது. டோக்கன்களின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் சைஸ்_டி பாயின்டர் கேட்கிறது, அழைக்கிறவர் அன்சைன்டு இன்ட்டின் முகவரியைக் கொடுக்கிறார். ஃபங்ஷன் எட்டு பைட் எழுதும், இடம் இருப்பது நான்கு. மீதி நான்கும் பக்கத்து வேரியபிளின் தலையில். அங்கே எது உட்கார்ந்திருக்கிறதோ அது பூஜ்யமாகும். ஆப்டிமைசேஷன் மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரரும் மாறுவார். வருஷக்கணக்கில் 'சில நேரம் மட்டும் வருகிறது' என்று மூடிவைத்த ஒரு பிழை இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பைலருக்கு '-எஃப்பெர்மிஸிவ்' ஆப்ஷன் போட்டால் பழையபடி எச்சரிக்கையாகிவிடும் என்று இணையத்தில் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். பில்டு ஆகும், உண்மைதான். ஆனால் அந்த எட்டு பைட் எட்டு பைட்டாகத்தான் எழுதப்படும். பாயின்டர் பொருந்தாத இடத்தில் காஸ்ட்டும் அதே கதை, மதிப்பை மாற்றாது, முகவரியைப் பற்றி ஒரு பொய் சொல்லும். வேரியபிளின் டைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி. இதையெல்லாம் படித்துவிட்டு என் பழைய கமிட்டைத் திறந்தேன். அன்று போட்ட பதினொன்றில் எட்டை எடுத்துவிட்டேன், அறிவிப்பு இருக்கும் இடத்தில் டைப்பைச் சரிசெய்ததும் தானாக உதிர்ந்தன. ஒன்று நிஜமாகவே தேவை, ஃபைல் ஃபார்மேட்டில் அந்த ஃபீல்டு நான்கு பைட்தான், அதன் முன்னால் அளவைச் சரிபார்க்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மீதி இரண்டு ஏன் போட்டேன் என்று எனக்கே புரியவில்லை. எடுத்தால் மேக்கில் பில்டு உடைகிறது, வைத்தால் தூக்கம் வரவில்லை.